கட்டியங்காரன் கற்றுத்தந்த பாடம்

பழவேற்காட்டு ஏரிக்கரை. பொன்னேரி வட்டத்து மீனவர் குப்பமொன்றிலே, ஊர் மேடைக்கு நகைச்சுவை நாடகம் எழுத அமர்கிறான் ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். தாள் இருக்கிறது; எழுதுகோல் இருக்கிறது; கருத்து மட்டும் வரவில்லை! சிரிப்புக்குக் கரு எங்கே கிடைக்கும்? வானத்திலிருந்து இறங்குமா? வரம் கேட்டால் வருமா? வரலாற்றைக் கேட்போம், வாருங்கள்.

வட தமிழகத்துத் தெருக்கூத்திலே கட்டியங்காரன் என்றொருவன் உண்டு. மன்னன் வருகையை அறிவிப்பது அவன் வேலை. அத்தோடு நின்றானா? இல்லை. வந்த மன்னனையே மடக்கி, நீர் யார், எந்த நாட்டார் என்று வினவுகிறான். பாரதக் கதைக்கு நடுவே ஊர்க்கதையை நுழைக்கிறான். மணிமுடிக்குப் பக்கத்திலே மக்கள் வாழ்வை நிறுத்துகிறான். இரண்டையும் ஒருங்கே பார்த்த ஊர் சிரிக்கிறது. எனினும், அவன் கேலி பலமுறை எளியவர் மீதும் பெண்டிர் மீதும் பாய்ந்ததுண்டு. அது அக்கலையில் படிந்த கறை.

அக்கேலியைத் திசை திருப்பியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். நாடகக் கொட்டகையிலே சோடா விற்ற ஏழைச் சிறுவர். வறுமையும் வில்லுப்பாட்டுமே அவர் பயின்ற பள்ளிகள். 1949-இல், அண்ணா கதை எழுதிய 'நல்லதம்பி' படத்திலே அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை எண்ணிப் பாருங்கள்! 19-ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரம் நாடறிந்தது. அந்த மெட்டு, அந்த முறை, அந்தப் பணிவு எல்லாம் அப்படியே இருந்தன. ஆசை மட்டும் மாறியது. நந்தன் நாடியது தில்லை. கிந்தன் நாடியது கல்வி. அவன் தீயிலே மூழ்கினான். இவன் ரயிலேறி நகரம் சென்று படித்தான். பழைய பாத்திரத்திலே புதிய பண்டம்! மக்கள் சிரித்தனர், சிரித்தபின் சிந்தித்தனர்.

இனி, ஏரிக்கரை இளைஞனிடம் திரும்புவோம். அவன் கண்ணெதிரே 'பாடு' முறை இருக்கிறது. ஏரியிலே யார், எங்கே, எந்நாளில் வலை விரிப்பது என்பதை வழிவழியாக வகுத்த ஏற்பாடு அது. சண்டையின்றிப் பங்கிட முன்னோர் கண்ட அறிவு அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த உரிமை ஆண்களான தலைக்கட்டுகளுக்கே உரியது. கூடை சுமந்து மீன் விற்பவள் பெண். கணக்கிலே அவள் இல்லை! கட்டியங்காரன் இன்று அங்கே வந்தால் என்ன கேட்பான்? "கூடை சுமக்கும் தலை, தலைக்கட்டில் சேராத தலையா?" என்று கேட்கமாட்டானா? அந்த ஒரு கேள்வி போதும், ஒரு நாடகத்துக்கு.

தோழர்களே! நகைச்சுவைக்குக் கரு தேடி எங்கும் அலைய வேண்டாம். வழக்கம் என்று ஊர் வாய்மூடிக் கடந்துபோகும் இடத்தில் நில்லுங்கள், வினவுங்கள். வீழ்ந்தவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. வீழ்த்தியதைப் பார்த்துச் சிரிக்கவைப்பதே கலை.