சிறு தொண்டும் சமயமும்: மானிப்பாய் மருத்துவர் கிறீன்

சமய வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் சபைகள் தோன்றிய ஆண்டுகளையும், ஆலயங்கள் எழுந்த இடங்களையும், கண்டன வாதங்களையுமே எழுதிச் செல்வர். ஒருவன் நோயுற்றான், மற்றொருவன் அவன் புண்ணைக் கழுவிக் கட்டினான் என்னும் செய்திக்கு அந்நூல்களில் இடம் கிடைப்பதரிது. கிறித்தவ சமயத்தைப் பொறுத்தமட்டில் இஃது ஒரு பெருங்குறையே. இயேசு பெருமான் கூறிய கதைகளுள் உலகோர் மிகுதியும் அறிந்த நல்ல சமாரியன் கதை முழுவதும் இத்தகைய சிறு செயல்களால் ஆனது. கள்வர் கையில் அடிபட்டு வழியிற் கிடந்தவனைச் சமயக் குருவும் ஆலயப் பணியாளனும் கண்டு விலகிச் செல்கின்றனர். வேற்றினத்தான் ஒருவன் நின்று, எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துப் புண்ணைக் கட்டுகின்றான். தன் விலங்கின்மீது ஏற்றி விடுதிக்குக் கொண்டு செல்கின்றான். விடுதிக்காரனிடம் இரண்டு காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போகின்றான். கதையில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. அந்தக் கடைசிச் செயலே என்னைப் பெரிதும் கவர்ந்தது. இரக்கம் காயத்தைக் கட்டியது. மறுநாளைக்கும் ஆள் வேண்டுமே என்று எண்ணியது அறிவு.

இவ்விரண்டும் கூடிய தொண்டுக்குத் தமிழர் வரலாற்றில் ஒரு சான்று காட்டுக என்றால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களையே முதலிற் சொல்லத் தோன்றுகிறது.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது 1816-ஆம் ஆண்டில். மருத்துவரான ஜான் ஸ்கட்டர் அடுத்த சில ஆண்டுகளில் வந்து பண்டத்தரிப்பில் நோயாளிகளைக் கவனித்தார். (வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் இவருடைய பேத்தியாவார்.) அவருக்குப் பின்வந்தவருள் ஒருவரே கிறீன். 1822-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திற் பிறந்த அவர், 1847-இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கும் பணியையும் தொடங்கினார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்துச் சிற்றூரொன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். வாந்திபேதி வந்தால் ஊரே அஞ்சும். பேற்று வேதனையில் தாயும் சேயும் மாள்வது அன்றாடச் செய்தி. அங்கு ஒரு வெளிநாட்டு மருத்துவர் வந்து நிற்கிறார். மருந்துப் பெட்டி இருக்கிறது. கத்தியும் ஊசியும் இருக்கின்றன. ஆனால், நோவு எங்கே, எப்போது தொடங்கியது, குத்துகிறதா, எரிகிறதா என்று கேட்கவும், நோயாளி சொல்வதைக் கேட்டு விளங்கிக்கொள்ளவும் மொழி வேண்டுமே! கிறீன் தமிழ் கற்றார். கற்றபின் மருந்து கொடுப்பதோடு நின்றிருக்கலாம். அதுவே பெருந்தொண்டாகக் கருதப்பட்டிருக்கும். அவர் அதற்கு அப்பாலும் எண்ணினார்.

தொடக்கத்தில் அவர் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் வழி மருத்துவம் பயின்றவர்களை அரசாங்க உத்தியோகமும் பட்டணமும் ஈர்த்தன. எந்தக் கிராமத்துக்காக அவர்கள் பயிற்றப்பட்டனரோ, அந்தக் கிராமம் வைத்தியரின்றியே கிடந்தது. இதனைக் கண்ட கிறீன், 1864-ஆம் ஆண்டளவில் மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். தமிழில் பயின்றவன் தன் ஊரிலேயே தங்குவான்; தங்குபவன் தன் மக்களுக்குப் பயன்படுவான். இதுவே அவர் கணக்கு. மாணவர்கள் தொப்பியும் கால்சட்டையும் அணிந்து தம் மக்களினின்று விலகி நிற்பதையும் அவர் விரும்பவில்லை. கிறித்தவராயினும் தமிழராகவே வாழ வேண்டுமென்றார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60-க்கும் மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? ‘அங்காதிபாதம்’ 1852-இலேயே வெளிவந்துவிட்டது. பின்னர் ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் எழுந்தன. அவருடைய மாணவர்களே மொழிபெயர்ப்பிலும் துணை நின்றனர். கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை தமிழாசிரியர் அறியத்தக்கது. முதலில் தமிழ் நூல்களில் வழங்கும் சொல்லைத் தேடுவது. அங்குக் கிடையாவிடின் வடமொழியை நாடுவது. இரண்டுமில்லாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுவது. ‘கெமிஸ்தம்’ என்னும் பெயர் மூன்றாம் வகைக்குச் சான்று. இன்று நோக்கும்போது வடசொற் கலப்பு மிகுதியெனவே தோன்றும். நாம் ‘வேதியியல்’ என்போம். எனினும் முதன்முதல் பாதை வெட்டியவனை, பாதை நேராக இல்லையே என்று குறைகூறுதல் முறையாகாது. நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பணி, ஒரு நரம்புக்கு ஒரு சொல், ஓர் எலும்புக்கு ஒரு சொல் என்று நாள்தோறும் தேடித் தேடிச் சேர்த்த சிறு பணியே ஆகும்.

மிஷனின் நோக்கம் சமயம் பரப்புதல், அதனை மறைப்பதற்கில்லை. அதனை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர் பெருமானும் கிறீன் பிறந்த அதே 1822-இல் பிறந்தவர் என்பது சுவையான செய்தி. ஒருவர் சைவத்தைக் காக்கப் பள்ளியும் அச்சுக்கூடமும் நிறுவினார். மற்றவர் கிறித்தவத்தின் பேரால் மருத்துவம் கற்பித்தார். தமிழ் உரைநடையால் எதனையும் சொல்ல இயலும் என்பதில் இருவர்க்கும் ஐயமிருந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கும் இச்செய்தி தொலைவானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தினின்று மலாயாவுக்கு வந்தோர் பலர் இரயில்வேயிலும் மருத்துவமனைகளிலும் பணி ஏற்றனர். நம் தம்பின் வட்டாரம் உள்ளிட்ட தோட்டப்புறங்களில் ‘டிரசர்’ என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளர்களை மூத்த தலைமுறையினர் அறிவர். பெரட்டுக் களத்தில் கொயினா கொடுத்ததும், பால்வெட்டும் கத்தி பட்ட கையைக் கழுவிக் கட்டியதும் அவர்களே. நோயாளியின் மொழியிலேயே நோயை விசாரிக்கத் தெரிந்த டிரசரிடம் மக்கள் தயங்காமல் சென்றனர். கிறீன் எண்ணியதும் இத்தகைய மருத்துவனைத்தானே!

அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினா நம் பள்ளிகளிலும் எழுந்தது. 2003-இல் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2012 முதல் அக்கொள்கை படிப்படியாக விலக்கப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது விவாதம் மீண்டும் எழுந்தது. அவ்விவாதங்களில் கலந்துகொண்ட நம்மவருள் மானிப்பாயைச் சுட்டியோர் மிகச் சிலரே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அறுவை மருத்துவமே தமிழில் கற்பிக்கப்பட்டதென்பது நம் மாணவர் அறிய வேண்டிய செய்தியன்றோ?

அம்முயற்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1873-இல் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அதன்பின் தளர்ந்து நின்றுபோயிற்று. அமெரிக்காவிலிருந்தும் அவர் தமிழ்ப்பணியை விடவில்லை. உடலின் தொழிற்பாட்டை விளக்கும் ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்று அவர் கல்லறையிற் பொறித்துள்ளனர். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.