உணவா, விளையாட்டா? கெண்டை மீன் குறித்த மேலைநாட்டு மனப்பாங்குகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் உயிரினம் உயர்ந்தது, தாழ்ந்தது என மதிப்பிடப்படுவது அதன் இயல்பால் மட்டும் அமைவதன்று. அதை வளர்ப்போர், உண்போர், பிடிப்போர் ஆகியோரின் சமூக நிலையும் அம்மதிப்பை வரையறுக்கின்றன. மத்திய ஐரோப்பாவில் விழாக்கால உணவாகவும், இங்கிலாந்தில் உண்ணாது விடுவிக்கப்படும் விளையாட்டு மீனாகவும், அமெரிக்காவில் ஒதுக்கப்பட்ட மீனாகவும் விளங்கும் சாதாக் கெண்டையின் வரலாற்றை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கெண்டை, குளவளர்ப்பு, நோன்பு உணவு, தூண்டில் விளையாட்டு, அயல் உயிரினம், உணவுப் பண்பாடு.

முன்னுரை

தமிழில் 'கெண்டை' என்னும் சொல் ஒரே ஒரு மீனைக் குறிப்பதன்று. நன்னீரில் வாழும் பல மீன்களுக்குப் பொதுப்பெயராக வழங்குவது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் மீன், 1758-இல் லின்னேயஸ் 'சைப்ரினஸ் கார்ப்பியோ' எனப் பெயரிட்ட இனமாகும். மீன்வளத் துறையினர் இதனைச் 'சாதாக் கெண்டை' என்பர். ஐரோப்பாவில் இதன் இயல்பான வாழிடம் தன்யூப் ஆறும் கருங்கடல், காசுப்பியன் கடல் ஆகியவற்றில் கலக்கும் ஆறுகளுமே. அங்கிருந்து மேற்கே இது பரவியது மனிதர் கைகளால்தான். ஆகவே இம்மீனின் பரவல் வரலாறு, இதனை மனிதர் விரும்பியதும் வெறுத்ததுமான வரலாறாகவும் அமைகிறது.

நோன்பும் குளமும்

ஆறாம் நூற்றாண்டில் தியோடரிக் மன்னனின் அரசவையில் பணியாற்றிய காசியோடோரஸ், தன்யூபிலிருந்து வரும் இம்மீனை அரச விருந்துக்குரிய அரும்பொருள்களுள் ஒன்றாகக் குறித்துள்ளார். பின்னர் இடைக்காலக் கிறித்தவ ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் புலால் விலக்கப்பட்டு மீன் ஏற்கப்பட்டது. கடலுக்குத் தொலைவிலுள்ள நாடுகளில் புது மீன் கிடைப்பது அரிது. தேங்கிய நீரிலும் வாழவல்லது, விரைவில் வளர்வது, ஈரப் பாசியில் பொதிந்தால் நெடுநேரம் உயிரோடிருப்பது ஆகிய பண்புகளால் கெண்டை இத்தேவைக்கு மிகவும் பொருந்தியது. மடங்களும் நிலக்கிழார்களும் குளங்கள் அமைத்து இதனை வளர்த்தனர்.

இம்முயற்சி முழுமை பெற்ற இடம் போகிமியா. ஒலோமோட்ஸ் நகர ஆயரான யான் துப்ராவியுஸ் 1547-இல் மீன்குளங்கள் பற்றித் தனி நூலே இயற்றினார். திரெபோன் பகுதியில் இஸ்தெபானெக் நெத்தோலிட்ஸ்கி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பொற்கால்வாய்' எனப்படும் நீர்வழியை வெட்டிக் குளங்களை இணைத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் (1584–1590) யாக்குப் கிர்ச்சின் கட்டிய ரோசம்பெர்க் குளம், இன்றும் செக் நாட்டின் மிகப்பெரிய மீன்குளமாக விளங்குகிறது. திரெபோன் கெண்டைக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பும் அளித்துள்ளது.

இன்று செக், சுலோவாக்கியா, போலந்து ஆகிய நாடுகளில் கிறித்துமஸ் முந்தைய இரவு விருந்தில் கெண்டை இன்றியமையாதது. திசம்பரில் தெருவோரத் தொட்டிகளில் உயிர்மீன் விற்கப்படும். அதனை வாங்கி வந்து, சமைக்கும் நாள்வரை வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டுவைப்பதும் உண்டு. விருந்துக்குப் பின் அதன் செதிள் ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் பணம் குறையாது என்பது நம்பிக்கை. கிழக்கு ஐரோப்பிய யூதரின் 'கெஃபில்டே' மீனுணவிலும் கெண்டைக்கு முதன்மையான இடம் உண்டு. சமய நோன்பு வேறு, சமயமே வேறு. எனினும் குளம் ஒன்றாக இருந்தமையால் மீனும் ஒன்றாயிற்று.

சேற்றுவாடை: இயல்பா, பழக்கமா?

கெண்டையை வெறுப்போர் முதலில் சொல்லும் குறை அதன் சேற்றுவாடை. இது கற்பனையன்று. நீர்நிலைகளில் வாழும் நீலப்பசும் பாசிகளும் சில நுண்ணுயிர்களும் வெளியிடும் ஜியோஸ்மின் போன்ற வேதிப்பொருள்கள் மீனின் கொழுப்பில் தங்குவதே இதன் காரணம். ஆனால் இது மீனின் மாறாத குணமும் அன்று. போகிமியக் குளவளர்ப்போர் இலையுதிர் காலத்தில், நீர் குளிர்ந்த பின் குளத்தை வடித்து மீன் பிடிப்பர். பின்பு தூய நீர் ஓடும் தொட்டிகளில் சில வாரம் இரையின்றி நிறுத்துவர். அதற்குள் வாடை பெரிதும் நீங்கிவிடும். எனவே சுவை என்பது மீனில் மட்டும் இல்லை. அறுவடைக் காலத்திலும் கைத்திறத்திலும் உள்ளது. இத்தொழில்நுட்பம் உடன்செல்லாத இடங்களில் கெண்டையின் பெயர் கெட்டதை அடுத்துக் காணலாம்.

அமெரிக்கா: வரவேற்பும் வெறுப்பும்

1871-இல் நிறுவப்பட்ட அமெரிக்க மீன் ஆணையத்தின் முதல் தலைவர் ஸ்பென்சர் பேர்டு. குறைந்துவரும் மீன்வளத்துக்கு மாற்றாகவும், உழவர் குடும்பங்களுக்கு மலிவான உணவாகவும் கெண்டையை அவர் கருதினார். 1877-இல் ருடால்ஃப் ஹெசல் செருமனியிலிருந்து கொண்டுவந்த 345 மீன்கள் முதலில் பால்டிமோர் நகரப் பூங்காக் குளங்களில் விடப்பட்டன; அடுத்த ஆண்டு வாசிங்டன் நினைவுத்தூணை அடுத்த குளங்களிலும் வளர்ப்பு தொடங்கியது. குஞ்சுகளைக் கேட்டு உழவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தன. காங்கிரசு உறுப்பினர் வழியாகவும் அவை வழங்கப்பட்டன. 1883-இல் மட்டும் ஏறத்தாழ 2,60,000 குஞ்சுகள், 301 காங்கிரசுத் தொகுதிகளுள் 298-க்கு அனுப்பப்பட்டன. ஒரு மீன் அரசின் நற்கொடையாக இத்துணைப் பரவலாக வழங்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இருபது ஆண்டுகளுக்குள் இவ்வரவேற்பு வெறுப்பாக மாறியது. இம்மாற்றத்திற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, மீன் வந்தது. வளர்க்கும் மரபு வரவில்லை. பராமரிப்பற்ற சிறு குட்டைகளில் வளர்ந்த மீனை வெப்பக் காலத்தில் பிடித்து அப்படியே சமைத்தவர்களுக்கு அதன் வாடை மட்டுமே தெரிந்தது. இரண்டாவது, வெள்ளத்தில் கரை உடைந்த குளங்களிலிருந்து கெண்டை ஆறுகளில் புகுந்தது. அது அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும், நீர்த்தாவரங்களை வேரோடு பெயர்க்கும், நீரைக் கலக்கும். வாத்து வேட்டையாடுவோரும் உள்நாட்டு மீன்களைப் போற்றுவோரும் அதனைக் குற்றஞ்சாட்டினர். அதே காலத்தில் காடழிப்பும் உழவும் நகரக் கழிவும் ஆறுகளைக் கலக்கிக்கொண்டிருந்தன. கலங்கிய நீரிலும் பிழைத்துக் கண்ணுக்குத் தெரிந்த கெண்டையின்மீது, அது செய்த தீங்கோடு செய்யாத தீங்கும் சேர்த்துச் சுமத்தப்பட்டது.

மூன்றாவது காரணம் சமூகம் சார்ந்தது. 1881-இல் ஜேம்ஸ் ஹென்ஷால் கரும்பாஸ் மீன் குறித்து எழுதிய நூல், போராடும் உள்நாட்டு மீனே தூண்டிற்காரருக்கு உகந்தது என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது. கெண்டையோ இல்லினாய்ஸ் ஆறு முதலிய இடங்களிலிருந்து பெருநகரங்களின் யூத, கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகளுக்குச் சென்றது. விளையாட்டு மீன், மட்ட மீன் என்ற வகைப்பாடு இவ்வாறு நிலைபெற்றது. யார் உண்கிறார்கள் என்பது, எது உண்ணத்தக்கது என்பதை முடிவுசெய்தது.

இப்பெயர்ச்சுமை இன்றும் தொடர்கிறது. பிற்காலத்தில் ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மிசிசிப்பி ஆற்றுப்படுகையில் பெருகிய வெள்ளிக் கெண்டை முதலியவை சாதாக் கெண்டையினின்று வேறான இனங்கள். பாசியுயிரிகளை வடித்துண்ணும் வெள்ளிக் கெண்டைக்குச் சேற்றுவாடையும் குறைவு. எனினும் 'கார்ப்' என்ற பெயராலேயே மக்கள் அவற்றைத் தவிர்த்தனர். எனவே 2022-இல் இல்லினாய்ஸ் அரசு அவற்றுக்குக் 'கோப்பி' என்னும் புதிய வணிகப் பெயரை அறிமுகம் செய்தது. மீன் மாறவில்லை, பெயர் மட்டுமே மாற்றப்பட்டது.

இங்கிலாந்து: உணவிலிருந்து விளையாட்டுக்கு

இங்கிலாந்தில் கெண்டை முதலில் அரிய உணவாகவே இருந்தது. 1653-இல் ஐசக் வால்டன் வெளியிட்ட தூண்டில் நூல், இம்மீனின் மேன்மையையும் பிடிப்பதன் அருமையையும் கூறுவதோடு, நறுமண இலைகளும் மதுவும் சேர்த்துச் சமைக்கும் முறையையும் விரிக்கிறது. அவர் காலத்தில் விளையாட்டும் உணவும் பிரியவில்லை. மடங்கள் முன்னரே கலைக்கப்பட்டிருந்தன. நோன்பின் கட்டாயமும் தளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை புதிய கடல்மீனை உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டுசேர்த்தபின், குளத்து மீனுக்கு உணவுத்தட்டில் இடமில்லாது போயிற்று. சாலமன், டிரவுட் ஆகியன மேன்மக்களின் மீன்களாகவும், கெண்டை உள்ளிட்டவை பொதுமக்களின் மீன்களாகவும் வகுக்கப்பட்டன.

உணவு மதிப்பை இழந்த கெண்டை, இருபதாம் நூற்றாண்டில் வேறொரு மதிப்பைப் பெற்றது. 1952 செப்டம்பரில் ரிச்சர்டு வாக்கர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். கொல்லப்படாத அம்மீன் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 'கிளாரிசா' என்னும் பெயருடன் பல்லாண்டு வாழ்ந்தது. இந்நிகழ்வுக்குப்பின் பெருங்கெண்டையைப் பிடிப்பதும், எடையிட்டுப் படமெடுத்து நீரில் விடுவதும் வளர்ந்து, தனித் தூண்டில் பண்பாடாயின. ஒரே மீன் மீண்டும் மீண்டும் பிடிபட்டதால் அதற்குப் பெயரும் புகழும் ஏற்பட்டன. 'பென்சன்' என்னும் கெண்டை 2009-இல் இறந்தபோது நாளிதழ்கள் அதனைச் செய்தியாக வெளியிட்டன. பெயர் பெற்ற மீனை உண்ணுதல் இங்கு எண்ணிப் பார்க்கவும் இயலாததாயிற்று.

இரு அறங்களின் மோதல்

2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் விரிவடைந்தபின் போலந்து முதலிய நாடுகளிலிருந்து பலர் இங்கிலாந்தில் குடியேறினர். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுசெல்வது அவர்களுக்கு இயல்பு. உள்ளூர்த் தூண்டிற்காரர்களுக்கோ அது திருட்டு. இப்பிணக்கு குடியேறிகள் மீதான பொதுவான காழ்ப்பாகவும் வெளிப்பட்டது. 2010-இல் வந்த துணைவிதிகள் ஆற்றிலிருந்து எடுத்துச்செல்லத்தக்க மீன்களின் எண்ணிக்கையையும் அளவையும் வரையறுத்தன. தூண்டிற்காரர் அமைப்பு பல மொழிகளில் அறிவிப்புகளை வெளியிட்டு இணக்கம் காண முயன்றது.

செருமானிய நிலை இதற்கு நேர்மாறானது. அந்நாட்டின் 1972ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி விலங்குக்கு வலி விளைவிப்பதைத் தடுக்கிறது. உணவுக்காகப் பிடிப்பதே தக்க காரணமாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. விடுவிக்கும் நோக்கத்தோடு பிடிப்பது சட்டச்சிக்கலுக்கு உரியது. சுவிட்சர்லாந்தில் 2009 முதல் அத்தகைய தூண்டிலிடல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆங்கிலேயருக்கு உண்பது கொடுமை. செருமானியருக்கு உண்ணாமல் பிடிப்பது கொடுமை. இரு தரப்பும் மீனின் நலத்தையே காரணம் காட்டுவது கருதத்தக்கது.

தென்னிந்தியத் தொடர்பு

இப்பிளவு தென்னிந்தியாவுக்கும் அயலானதன்று. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூல், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மாசீர் மீனை ஆங்கிலேயரின் விளையாட்டு மீனாக உயர்த்தியது. ஆற்றங்கரை மக்களுக்கு அது உணவு. துங்கை ஆற்றின் சிருங்கேரிப் படித்துறையிலோ கொல்லாது பேணப்படும் புனித உயிர். காவிரியின் திமில் மாசீருக்கு முறையான அறிவியற்பெயர் உறுதியானது 2018-இல்தான். அதற்குள் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. புகழ் ஒன்றே ஓர் இனத்தைக் காத்துவிடாது என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. கெண்டையின் சுவை குறித்த தீர்ப்பு, வளர்ப்பு நுட்பத்தையும் அறுவடைக் காலத்தையும் சார்ந்தது. அதன் சமூக மதிப்பு, அதனை உண்போரின் நிலையைச் சார்ந்தது. உணவு மதிப்பு மறைந்த இடத்திலேயே அது தூய விளையாட்டு மீனாக உருப்பெற்றது. அயல்நீர்நிலைகளில் அது விளைக்கும் தீங்கு உண்மையானது. எனினும் அதன்மீதான வெறுப்பு முழுவதையும் அத்தீங்கு விளக்காது. ஆகவே நீர்நிலைகள் குறித்துச் சட்டம் வகுப்போர், மீனின் இயல்பு எது, மனிதரின் பழக்கம் எது என்று பிரித்தறிவது தேவை. பழக்கத்தை இயல்பெனக் கொள்ளும் இடத்தில், மீனோடு அதனை உண்ணும் மக்களும் இழிவுக்கு உள்ளாகின்றனர்.