ஒளியும் தோழமையும்

பிரீமேசன் இயக்கத்தில் புதிதாகச் சேர வருபவரைக் கண்ணைக் கட்டியே கூடத்தினுள் அழைத்துச் செல்வர். அவர் பெற விரும்புவது யாது என்று வினவப்படும். ‘ஒளி’ என்பதே அவர் கூறவேண்டிய விடை. கட்டு அவிழ்ந்ததும் அவர்முன் தோன்றுவன விரித்து வைத்த திருமறையும், அதன்மேல் மூலைமட்டமும் கவராயமும் ஆகும். இவை மூன்றும் பேரொளிகள் எனப்பெறும். கதிரவன், திங்கள், அவைத்தலைவர் ஆகிய மூன்றும் சிற்றொளிகள். தலைவரின் இருக்கை கதிரவன் எழும் கிழக்கில் அமையும். துணைவர் இருவர் மேற்கிலும் தெற்கிலும் அமர்வர். வடக்கு இருளின் திசை. அங்கே விளக்கு வைப்பதில்லை.

கட்டடத் தொழிலாளரின் கருவிகளை அறத்தின் குறியீடுகளாக்கிக்கொண்ட மரபு இது. செதுக்காத கல் பண்படாத மனத்தைச் சுட்டும். ரசமட்டம், மாந்தர் அனைவரும் ஒரே நிரையில் நிற்பவர் என்பதை உணர்த்தும். லாட்ஜ் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது பேருந்து நிலையத்தை அடுத்த தங்கும் விடுதியே. ஐரோப்பாவில் பெருங்கோயில்கள் எழும்பிய காலத்தில் கல்தச்சர்கள் கூடி வேலை செய்த கொட்டகைக்கு அப்பெயர் வழங்கிற்று என்பதை அறிந்தால், இக்குறியீடுகள் பிறந்த இடம் விளங்கும்.

1717இல் இலண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடிப் பெருமன்றம் ஒன்றை அமைத்தன. கல்கத்தாவில் 1730லும் சென்னையில் 1752லும் இவ்வியக்கம் கால்கொண்டது. அவற்றில் அமர்ந்தோர் கும்பினியின் அலுவலர்களும் படைத்தலைவர்களும் வணிகர்களுமாகிய ஐரோப்பியரே. இந்நாட்டவர் ஒருவர் அவ்வொளியை வேண்டி நின்ற செய்தி முதன்முதலாகக் கிடைக்கும் இடம் கல்கத்தாவும் அன்று, சென்னையும் அன்று, திருச்சிராப்பள்ளியாகும். 1775இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் மூத்த மைந்தர் உம்தத்-உல்-உமராவை டெரன்ஸ் காஹகன் என்னும் மருத்துவர் அங்கே சகோதரராகச் சேர்த்துக்கொண்டார்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தின் வரலாற்றில் இவ்விளவரசரின் பெயர் வேறோர் இடத்தில் பதிந்துள்ளது. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்த இம்மண், நவாபு குடும்பத்தின் தாழ்வையும் உயர்வையும் அருகிருந்து கண்டது. 1751இல் வாலிகண்டபுரத்தில் சந்தா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் எதிர்த்து நிற்க மாட்டாமல், முகமது அலியின் படையும் ஆங்கிலப் படையும் திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்கின. பின்னர்க் காற்று திசை மாறியது. திறை செலுத்தவில்லை, யூசுப்கானை அடக்கத் துணை வரவில்லை என்று பாளையக்காரர்மீது குற்றம் சாட்டிய நவாபு, 1764 நவம்பரில் சென்னைக் கவுன்சிலிடம் படை வேண்டினார். 1765 சனவரி 3ஆம் நாள் உம்தத்-உல்-உமராவும் டொனால்டு காம்பெல் என்னும் ஆங்கிலத் தளபதியும் அரியலூருள் புகுந்தனர். இளம் பாளையக்காரர் உடையார்பாளையத்தை அடைந்தார். அம்மாதம் 19ஆம் நாள் படை அங்கும் சென்றது. இரு பாளையக்காரரும் டேனியருக்கு உரிய தரங்கம்பாடியில் அடைக்கலம் புகுந்தனர். உடையார்பாளையத்தாரின் பட்டப்பெயர் ‘காலாட்கள் தோழ உடையார்’ என்பதாகும். தோழமையைப் பெயரிலேயே தாங்கிய ஊரை வென்ற பத்தாம் ஆண்டில்தான், வென்றவர் மற்றொரு தோழமையின் கதவைத் தட்டினார்.

இச்செய்தி இலண்டனை எட்டியபோது பெருமன்றம் பெருமகிழ்ச்சி கொண்டது. 1779இல் அழகுற அணிசெய்த மேலங்கித் துணி ஒன்றையும், சிறப்பாகக் கட்டமைத்த சட்டநூல் ஒன்றையும் வங்காளத்தின் அட்வகேட் ஜெனரல் சர் ஜான் டே வழியாக இளவரசருக்கு அனுப்பியது. மேலங்கித் துணி என்பது கல்தச்சன் இடுப்பில் கட்டும் முன்றானையே; பட்டும் பொன்னும் ஏறியதால் அதன் பிறப்பு மறைந்துவிடவில்லை. மறுமொழி 1780இல் சென்றது. பாரசீக மொழியில் எழுதி, பொன்னிழைத் துணியால் ஆன உறையில் இட்ட மடல் அது. ஆங்கிலச் சகோதரர்மீது தமக்குள்ள அன்பை அதில் அவர் மனமாரத் தெரிவித்திருந்தார்.

அவ்வன்புக்குக் கிடைத்த விடை 1801இல் தெரிந்தது. உம்தத்-உல்-உமரா 1795இல் நவாபு ஆனார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே கிடைத்த கடிதங்களைக் காட்டி, அவர் திப்புவோடு மறைவாக உறவாடினார் என்று கும்பினி கூறிற்று. 1801 சூலையில் அவர் நோயுற்று இறக்கும் தறுவாயில் கிடக்க, சேப்பாக்கம் அரண்மனை வாயில்களில் ஆங்கிலப் படை நின்றது. சூலை 15இல் அவர் மறைந்தார். நாட்டை ஒப்படைக்க மறுத்த மைந்தர் அலி உசேன் ஒதுக்கப்பட்டார். இசைந்த அசீம்-உத்-தௌலாவே நவாபு எனப்பட்டார். சூலை 31ஆம் நாளின் உடன்படிக்கையால் திருச்சிராப்பள்ளியும், அதனைச் சார்ந்த பாளையங்களும் உட்படக் கருநாடகம் முழுவதும் கும்பினியின் கைக்குச் சென்றது. இம்முடிவை வேண்டி நின்ற கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, 1782இல் அயர்லாந்துப் பெருமன்றத்தின் தலைவராக வீற்றிருந்தவர். முறைப்படி நோக்கின் சேப்பாக்கத்தில் கிடந்தவர் அவருடைய சகோதரரே. குறியீட்டைப் பழிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அதனைக் கூடத்தினுள்ளேயே வைத்துவிட்டு வெளியே வந்தவர்களைப் பற்றிய செய்தி இது.

இளவரசருக்கு எளிதில் திறந்த கதவு ஏனையோர்க்கு அவ்வாறு திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் என்னும் இந்து வணிகர் 1863 முதல் விண்ணப்பித்து, பல தடைகளைக் கடந்து 1872இல்தான் சகோதரரானார். அவர் சேர்ந்த ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜில் 1884இல் பிற்காலத்து விவேகானந்தரும் சேர்ந்தார். 1961இல் இந்தியப் பெருமன்றம் தனித்து அமைந்தது. இன்று இந்திய லாட்ஜுகளின் பீடத்தில் பல சமயத் திருமறைகள் அருகருகே விரிந்திருப்பதைக் காணலாம்.

தத்தருக்குக் கதவு திறந்த அதே 1872இல், வெள்ளாற்றுக்கு வடக்கே வடலூரில் சத்திய ஞானசபை திறந்தது. இரண்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் ஒளியையும் தோழமையையும் இணைத்து எண்ணும் தமிழர்க்கு அவ்வாண்டு பொருள் பொதிந்தது. அங்குக் கண்கட்டுக்கு மாறாக ஏழு திரைகள். அவை விலகியபின் சோதி தெரியும். அங்கும் வாயிலில் ஒரு நிபந்தனை உண்டு: புலால் உண்பவர் வெளியே நின்றே வழிபட வேண்டும். 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அந்நிபந்தனையும் இல்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வருவோர் எவர்க்கும் அங்கே சோறு உண்டு.