பஸ்

ஒலிப்பதிவுக் கூடத்தில் 'பஸ் கம்ப்ரெஸர்' என்கிறார்களே, அந்த பஸ்ஸும் நாம் ஏறிப்போகும் பஸ்ஸும் ஒரே சொல்தான். வேர், லத்தீன் 'ஆம்னிபஸ்': எல்லாருக்கும் என்று பொருள். நம்மூர் ஆம்னி பஸ்ஸில் அது முழுசாகவே இருக்கிறது. 1820களில் பிரான்ஸின் நாந்த் நகரக் குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. பிறகு, பல மின் இணைப்புகளுக்கும் பொதுவான செம்புப் பட்டை 'பஸ்பார்' ஆனது. மிக்ஸரில் குரல், டிரம், கிட்டார் எல்லாம் வந்து சேரும் பொதுத்தடமும் பஸ்தான்.

அந்தப் பஸ்ஸில் ஓங்கும் ஒலியை அடக்குவதுதான் பஸ் கம்ப்ரெஸர். எஸ்.எஸ்.எல். நிறுவனத்தின் 4000 வரிசை மிக்ஸரில் உள்ளதைப் பின்பற்றி வீட்டில் ஒன்றைச் சால்டரிங் செய்கிறவர்கள் இந்தப் பொதுமையை விட்டுவிடக் கூடாது. இடது, வலது தடங்கள் இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டு மின்னழுத்தம்தான் அடக்க வேண்டும். தனித்தனியே அடக்கினால், இடப்பக்கம் டிரம் ஓங்கி விழும்போதெல்லாம் நடுவில் நிற்கும் பாடகரின் குரல் வலப்பக்கம் சாய்ந்துவிடும்.