நடுக்கத்தோடு வரும் உருவங்கள்

"வாசல்ல சின்னப் பிள்ளைக நிக்குது, சோறு குடுங்க" என்று வயசான ஒருத்தர் சொன்னால், மாவனல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் நம்மில் பலர் முதலில் தேடுவது கோடாங்கியை. அவருடைய கைநடுக்கத்துக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் தொடர்பிருக்கும் என்று யோசிக்கிறதில்லை.

வைத்திய உலகமும் ரொம்ப காலம் யோசிக்கல. 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு நோயாளிகளை வைத்து நடுக்குவாதம் பற்றி எழுதினார். இதில் புலனும் அறிவும் கெடாது என்றார். அந்தக் கருத்து பல தலைமுறைக்கு நிலைத்தது.

1937இல் மதராஸில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். 1960களின் கடைசியில் அதுவே பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாச்சு. மூளையில் குறைந்துபோன டோபமைனை அது ஈடு செய்ய, இறுகிக் கிடந்தவர்கள் எழும்பி நடந்தார்கள். ஆனால் சிலருக்கு இல்லாத ஆட்களும் தெரிந்தார்கள்.

பழி முழுக்க மருந்துக்கு மட்டும் இல்ல. 1912இல் ஃபிரெட்ரிக் லெவி மூளைக் கலங்களில் கண்ட திரட்சிகள், நோய் முற்றும்போது பார்வை, சிந்தனை சார்ந்த பகுதிகளுக்கும் பரவும். சிறுநீர்த் தொற்று வந்தாலும் குழப்பம் திடீரெனக் கூடலாம்.

ஆரம்பத்தில் பலருக்கு, தாம் காண்பது நிஜமில்லை என்று தெரியும். 'பைத்தியம்' என்ற பேர் வந்துடுமோ என்ற பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அதனால நாமதான் மெதுவாகக் கேட்கணும். குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. கிளினிக்கில் சொன்னால் அளவை மாற்றிப் பார்க்க வழி உண்டு.