உரோமப் புரதத்தால் விலங்கினம் அறிதல்

ஒரு மயிரிழை எந்த விலங்குக்கு உரியது என்பதை அதிலுள்ள கெராட்டின் புரதத்தைக் கொண்டு முடிவு செய்யும் தடயவியல் முறை இது. வேரோடு பிடுங்கிய மயிருக்கு மரபணுச் சோதனையே போதும். வெட்டி, வேகவைத்து, வெளுத்துச் சாயமேற்றிய மயிரில் வேர் இராது; தண்டில் எஞ்சிய மரபணுவும் பெரிதும் சிதைந்திருக்கும். நுண்ணோக்கியில் இனம் காட்டும் மேற்புறச் செதில்களும் தேய்ந்துபோகலாம். கெராட்டின் மட்டும் தாக்குப்பிடிக்கும்.

மலேசியாவில் இத்தேவை சட்டத்தின் வழியே எழுந்தது. பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பகுதியால் செய்த பொருளையும் அடையாளமிட்டுத் தனியே வைத்து விற்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் வாணிப விவரிப்பு ஆணை விதிக்கிறது. 2017 பிப்ரவரியில் அமலாக்க அதிகாரிகள் பன்றி மயிரால் ஆனவை என்று சந்தேகித்து 2,003 தூரிகைகளைக் கைப்பற்றினர். ரொட்டிக்கு வெண்ணெய் தடவவும் தூரிகை பயன்படுவதால், முஸ்லிம் குடும்பங்களுக்கு இது சமயக் கடமை சார்ந்த கேள்வி. காஜாங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில் தொங்கும் தூரிகையின் இழைநுனி பிளந்திருந்தால் பன்றி மயிர் என்று ஊகிக்கலாம். ஆனால் நைலான் இழையின் நுனியையும் ஆலையில் அப்படிப் பிளப்பதுண்டு. தீயில் காட்டினால் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். அது விலங்கு மயிர் என்பதைச் சொல்லுமே தவிர, எந்த விலங்கு என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்வது புரதம். கெராட்டினின் உறுதிக்குக் காரணம் அதன் இழைகளைக் கட்டியிருக்கும் கந்தகப் பிணைப்புகள். கழுவிய மயிரை ஒடுக்க வேதிப்பொருளில் இட்டு முதலில் அவற்றை அறுப்பர். பின்னர் டிரிப்சின் என்னும் நொதி, லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களை அடுத்துள்ள இடங்களில் புரதத்தை வெட்டும். கிடைக்கும் துண்டுகளின் நிறையைப் பொருண்மை நிறமாலைமானி அளக்கிறது. பன்றிக்கும் குதிரைக்கும் மாட்டுக்கும் கெராட்டினின் அமினோ அமில வரிசை சில இடங்களில் மாறுவதால் அத்துண்டுகளின் நிறையும் மாறும். இனம் தெரிந்த மயிர்களின் பதிவோடு ஒப்பிட்டு விடை காண்பர்.

ஆல்ப்ஸ் மலையில் 1991இல் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழமையான ஓட்ஸி என்னும் உறைந்த மனித உடலின் மேலாடை செம்மறியாட்டுத் தோல் என்று 2008இல் இம்முறை காட்டியது. 2016இல் வெளியான மரபணு ஆய்வு அதில் வெள்ளாட்டுத் தோலும் தைக்கப்பட்டிருந்ததைக் கண்டது. ஒட்டுப்போட்ட பொருளில் ஓரிடத்து மாதிரி முழுமைக்கும் சாட்சியாகாது; பல விலங்குகளின் மயிரைக் கலந்து கட்டிய தூரிகைக்கும் இது பொருந்தும்.

நெருங்கிய இனங்களைப் பிரிப்பது கடினம். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வேறுபடும் துண்டுகள் மிகச் சில. அவை அளவீட்டில் தென்படாவிட்டால், விலங்குக் குடும்பத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான அறிக்கை. எனவே புரத முறை எங்கும் முதல் தேர்வாகாது. மலேசிய வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் தடயவியல் ஆய்வுக்கூடம் மரபணுவை நம்பி இயங்குவதற்குத் தக்க காரணம் உண்டு: கள்ள வேட்டை வழக்குகளில் இறைச்சியும் தோலும் பெரும்பாலும் மரபணு எடுக்கும் நிலையிலேயே சிக்குகின்றன.