இரண்டாம் டிகாக்‌ஷன்

மாங்காட்டுக் கடைத்தெருவில் காப்பிப்பொடி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி 'எவ்வளவு வேண்டும்?' என்பதன்று, 'சிக்கரி எவ்வளவு?' என்பதே. 2025இன் தொடக்கத்தில் உலகச் சந்தையில் அராபிகாவின் விலை ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. பிரேசிலில் மழை பொய்த்ததன் சூடு நம் ஊர்க் கடைவாசல் வரை வந்து சேர்ந்த அந்த மாதங்களில் ஒரு நாள், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் சற்றுத் தயங்கிவிட்டு, "இந்தத் தடவை நாப்பதா போட்டுடுங்க" என்றார். கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. இருவருக்கும் காரணம் தெரியும்.

காப்பியின் வரலாறு பெரும்பாலும் தோட்டங்களின் வரலாறாக, ஓட்டல்களின் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) என்னும் நூலின் தலைப்புக் கட்டுரையில், காப்பி எவ்வாறு தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று என்பதைக் காட்டினார். அந்த அடையாளத்தை மாதம் முழுவதும் கட்டிக் காத்த இடம் ஒன்று உண்டு: சமையலறை. கால் கிலோ பொடியை முப்பது நாளைக்கு இழுத்துப் பிடித்த கணக்கும், அந்தக் கணக்கின் பற்றாக்குறையை ஏற்றுக்கொண்ட நாக்கும் எவருடையவை என்பதே இக்கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி.

*

காப்பி நமக்காக இங்கே பயிரிடப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்னும் சூஃபி ஞானி, ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது தொன்மக் கதை. ஆனால் பெருந்தோட்டமாக அது விரிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுசென்றார். குடகு, வயநாடு, நீலகிரி எனப் பிற மலைகளிலும் தோட்டங்கள் பரவின. கடலுக்கு அப்பால் கண்டிச் சீமையிலும் காப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் பாடுபட மன்னார் வழியே நடந்து சென்றவர்கள் பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட தமிழர்கள். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபதாண்டுகளில் அந்நாட்டுக் காப்பியை ஏறக்குறைய அழித்தது. அந்த மலைகள் தேயிலைக்கு மாறின. தமிழனின் உழைப்பு காப்பிக்குள் சென்ற பிறகே காப்பி தமிழனின் வீட்டுக்குள் வந்தது.

அவ்வாறு வந்தபோது அது எதிர்ப்பின்றி வரவில்லை. காலையில் நீராகாரம் குடித்த உடம்பைக் காப்பி கெடுக்கிறது என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கப் பத்திரிகைகள் புலம்பின. காந்தியடிகளும் தேநீர், காப்பி, கோகோ மூன்றையும் வேண்டாதவை என்றே தம் உடல்நல நூலில் எழுதினார். இந்த அறிவுரைகளால் காப்பியைத் தடுக்க முடியவில்லை. மாறாக, போர் அதற்கு வழி திறந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை மூடிக்கொள்ள, தோட்டங்களில் காப்பி தேங்கியது. 1940இல் ஓர் அவசரச் சட்டமும், 1942இல் முழுச் சட்டமும் பிறந்தன. விளைந்த கொட்டை அனைத்தும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குச் சென்றது. ஏற்றுமதிப் பயிரை உள்நாட்டில் குடிக்கவைக்கும் பொறுப்பு வாரியத்துக்கு நேர்ந்தது. 1990களில் படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முடிவுக்கு வரும் வரை அந்த ஏற்பாடே, நம் வீடுகளுக்கு எந்தக் கொட்டை, எவ்வளவு வரும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது.

*

சிக்கரியைக் கலப்படம் என்று இகழ்வது காப்பிப் பிரியர்களிடையே ஒரு மரபு. 'நான் சிக்கரி சேர்ப்பதே இல்லை' என்று சொல்லும்போது குரலில் ஏறும் மிடுக்கை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் இந்த வேரின் வரலாறு முழுக்கவே தட்டுப்பாட்டின் வரலாறு. 1806இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வாணிபத்துக்கு எதிராக ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபோது, காப்பிக் கொட்டை கிடைக்காத பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரி வேரை வறுத்துக் குடித்தார்கள். தடை நீங்கிய பிறகும் பழக்கம் நீங்கவில்லை. இந்தியாவில் அவ்வேர் குஜராத்தில் பயிராகி, வறுபட்டு, தெற்கே வருகிறது.

அது வெறும் ஏமாற்று அன்று என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வறுத்த காப்பிப்பொடியில் நீரில் கரையும் பகுதி ஏறக்குறைய 26 முதல் 35 சதவீதம். வறுத்த சிக்கரியில் அது 55 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நமது உணவுச் சட்டத்தின் விதி. அதாவது, ஒரு கரண்டி சிக்கரி தரும் கரைசல் காப்பி தருவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. நிறமும் கனமும் கூடும். பாலை அதிகம் தாங்கும். ஆனால் அதில் கஃபீன் இல்லை. காப்பியின் மணமும் இல்லை. கண்ணுக்கும் நாக்கின் கனத்துக்கும் குறை வைக்காமல், பணத்தில் மட்டும் குறைத்துக்கொள்ளும் வித்தை அது. காப்பி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், கலவையின் அளவைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த 51க்கும் 100க்கும் இடையே எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் தீர்மானித்துக்கொள்கிறது. மாங்காட்டு அம்மாள் இருபதிலிருந்து நாற்பதுக்கு நகர்ந்தது அந்த வகைத் தீர்மானம்தான்.

சிக்கரிக்கும் வசதியில்லாதவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கருப்பட்டியில் கொதித்த நீருக்குச் 'சுக்குக் காப்பி' என்று பெயர். அதில் காப்பிக் கொட்டை ஒன்றுகூட இல்லை. ஒரு பானம் எவ்வளவு ஆசைக்குரியதாக இருந்திருந்தால், அது இல்லாத இடத்திலும் அதன் பெயர் போய்க் குடியேறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

*

இனி ஃபில்டருக்கு வருவோம். மேல் அடுக்கின் அடியில் நுண்துளைகள். பொடியை அமுக்கக் காம்பு வைத்த குடை. வடிந்ததைப் பிடிக்கக் கீழ் அடுக்கு. முன்பு துணியில் வடிகட்டினார்கள்; பிறகு பித்தளை; அதன்பின், பழைய சரிகைப் புடவையை வாங்கிக்கொண்டு பாத்திரக்காரர் தந்த எவர்சில்வர். மின்சாரம் வேண்டாம், காகிதம் வேண்டாம், தேய்மானம் இல்லை. ஒரு முறை வாங்கினால் மருமகள் காலம் வரை வரும். சிக்கனத்துக்கென்றே ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்ததைப் போன்ற கருவி.

ஆனால் அந்தக் கருவிக்குள்ளேயே ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. கொதிநீரை முதல் முறை ஊற்றும்போது பொடியின் சாரமும் மணமும் பெரும்பகுதி இறங்கிவிடும். அதே பொடியின்மேல் மறுபடி நீர் ஊற்றினால் கிடைப்பது இரண்டாம் டிகாக்‌ஷன்: வெளிறிய நிறம், மிச்சக் கசப்பு. சில வீடுகளில் மூன்றாவதும் உண்டு. பொடியை வீணாக்கக் கூடாது என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எது யாருக்குப் போயிற்று என்பதில்தான் வரலாறு இருக்கிறது. முதலாவது வீட்டு ஆண்களுக்கு. விருந்தாளி வந்தால் அவருக்கு. இரண்டாவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நீர் கூடிய இரண்டாவதோ மூன்றாவதோ, வேலைக்கு வந்தவருக்குக் கொல்லைப்புறத்தில், தனியே கவிழ்த்து வைத்த குவளையில்.

ஓட்டல்களில் இந்தப் பிரிவினை பெயர்ப்பலகையாகவே தொங்கியது. 1957இல் திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்று பெயர் தாங்கிய முரளி ஓட்டலின் முன் பெரியாரின் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் செய்தது. பலகைகளிலிருந்து அச்சொல் பின்னர் மறைந்தது. பலகை இருந்ததால் எதிர்க்க முடிந்தது. வீட்டுக்குள் ஃபில்டரின் மீது எந்தப் பலகையும் இல்லை. அங்கே பிரிவினை அன்பின் உருவில், பழக்கத்தின் உருவில், 'எனக்கு இதுவே போதும்' என்ற சொல்லின் உருவில் இருந்தது.

*

இதைக் கலைத்தது, விந்தையாக, காப்பிப் பிரியர்கள் முகம் சுளிக்கும் ஒரு பொருள். 1938இல் சுவிட்சர்லாந்தில் நெஸ்கஃபே பிறந்தது. இந்தியாவில் சிக்கரி கலந்த 'புரூ' 1968இல் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் இந்தப் பகுதியின் முகமும் மாறியிருந்தது: அம்பத்தூரில் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1965இல் அங்கிருந்து வெளிவந்த முதல் விஜயந்தா டாங்கி. விடிகாலைப் பணிமுறைக்குச் சங்கு ஊதும் வீடுகளில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் காத்திருக்க நேரமில்லை. கரையும் பொடியில் மணம் குறைவுதான். ஆனால் அதில் முதலாம், இரண்டாம் என்ற பேதமில்லை. ஒரு கரண்டி எவர் தம்ளரில் விழுந்தாலும் ஒரே காப்பிதான். ருசியில் தோற்ற அந்தப் பொடி, சமத்துவத்தில் ஃபில்டரை வென்றது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று சென்னையிலிருந்து வெளியேறும் நெடுஞ்சாலைகளில் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகைகளும் பித்தளை டபராக்களும் பளபளக்கின்றன. 'டிகிரி' என்ற சொல்லுக்குப் பால்மானியில் தேறிய பால் என்று பொருள் சொல்வோர் உண்டு. சிக்கரியின் திரிபு என்போரும், முதல் டிகாக்‌ஷனைக் குறித்தது என்போரும் உண்டு. மூன்று விளக்கங்களும் ஒரே அச்சத்தைச் சுற்றி வருகின்றன: தண்ணீர் கலந்துவிடுமோ, கலப்பு கூடிவிடுமோ, நமக்குக் கிடைப்பது இரண்டாவதோ? பித்தளையின் பளபளப்பில் நாம் வாங்குவது முதலாம் டிகாக்‌ஷனின் நினைவை மட்டுமே. இரண்டாவதற்கு எவரும் பலகை வைப்பதில்லை.

*

குறைந்த செலவில் வீட்டில் நல்ல காப்பி போட இயலுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இயலும். மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் வாரத்துக்கு நூறு கிராம் புதிதாக அரைத்து வாங்குங்கள்; மணத்துக்கு அராபிகா பாதி, கனத்துக்கு விலை குறைந்த ரொபஸ்டா பாதி; சிக்கரி இருபது போதும், நெருக்கடி மாதத்தில் முப்பது. ஆளுக்கேற்ற அளவில் சிறிய ஃபில்டர். நீலப் பாக்கெட்டின் 3 சதவீதக் கொழுப்புள்ள பாலே போதும். தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சினால் சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாம் டிகாக்‌ஷனை இறக்குங்கள்; ஆனால் தனியே வைக்காதீர்கள். முதலாவதுடன் கலந்துவிட்டு, எல்லாத் தம்ளர்களுக்கும் அதிலிருந்தே ஊற்றுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அதற்கு முன்பு, என் கையால் காப்பி போடக் கற்றுக்கொண்ட முதல் நாளில், கெட்டியான முதலாம் டிகாக்‌ஷனை அம்மாவின் தம்ளரில் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். நாற்பது ஆண்டுகளாக எங்கள் எல்லோருக்கும் அதை ஊற்றித் தந்தவர். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"ரொம்பக் கசக்குதுடா. கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றார்.